சிவப்புத் துணிக்கு மேலே

எங்கள் ஆற்றைப் பாதுகாத்தது அரசாங்கம்தான். நான் சொல்லவில்லை, பலகை சொன்னது. மலாயாவில், லாபுவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தின் பின்னால் ஒரு மலை, மலையில் ஒரு காடு, காட்டுக்குள் ஓர் ஊற்று, அந்த ஊற்றிலிருந்து எங்கள் ஆறு. மலையடிவாரத்தில் சர்க்கார் நட்டுவைத்த தகரப் பலகையில் ஆங்கிலத்திலும் மலாயிலும் ஏதோ எழுதியிருந்தது. இது நீர்ப்பிடிப்புக் காடு, உள்ளே போகாதே, மரம் வெட்டாதே என்று அர்த்தமாம். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி செல்வநாயகம் படித்துச் சொன்னார். கூலிக் குடியிருப்பான எங்கள் லயத்தில் அந்த இரண்டு மொழியிலும் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஆள் அப்போது கிடையாது. ஆக, ஆற்றைக் கெடுக்கக்கூடிய அத்தனை பேருக்கும் புரியாத மொழியில் ஆற்றைக் காத்துவிட்டு, பலகை நட்டவர்கள் சிரம்பானுக்குத் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பலகையைத் தேடி வந்தது துரு மட்டும்தான்.

மிச்ச வேலையை நீலாவதி பார்த்துக்கொண்டாள்.

நீலாவதி புல்லுவெட்டுக் கும்பலில் வேலை செய்தவள். ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாதது. பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் கங்காணிக்கே அந்தக் குரல் மேல் பொறாமை உண்டு. அவள் வகுத்த சட்டம் ரொம்ப எளிது. ஊற்றும் அதைச் சுற்றிய காடும் மனிதருக்கு இல்லை, அங்கே கால் வைக்கக் கூடாது. காடு முடிகிற இடத்தில் ஆறு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும். அந்தத் திருப்பத்தில் குடிதண்ணீர் எடுக்கலாம். அதற்குக் கீழே குளிக்கலாம். அதற்கும் கீழே துணி துவைக்கலாம். எல்லாவற்றுக்கும் கீழே, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஸ்டோரையும் தாண்டி, மாடுகளுக்கு இடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், லயத்து மாடுகளை மேய்த்தவர் அவளுடைய புருஷன் சன்னாசிதான். ஆறு கண்ணெதிரே ஓட, அந்த மனிதர் தினமும் மாடுகளை ஓட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவந்து தண்ணீர் காட்டுவார். "எம்பொண்டாட்டி ஆத்துல எம்மாடு மூத்திரம் பேயக் கூடாதாம்லா" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் எங்காவது நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

சட்டத்தை மீறியவர்களுக்குத் தண்டனை கடைசிக் குடம். அதாவது, மீறிய ஆள் ஒரு வாரத்துக்குத் திருப்பத்தில் கடைசியாகத்தான் தண்ணீர் மொள்ள வேண்டும். லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்து, மொண்டு, வம்பளந்து, போய்ச் சேரும்வரை குடத்தோடு கரையில் நிற்க வேண்டும். நாலு அடி வாங்கினால்கூடத் துடைத்துவிட்டுப் போய்விடலாம். வருகிறவள் போகிறவள் எல்லாம் காரணம் தெரிந்துகொண்டே, "என்னாத்துக்கு நிக்கிற?" என்று கேட்பதைத்தான் தாங்க முடியாது. குளிக்கிற இடத்துக்கு மேலே கால் கழுவியதற்காக நானே நின்றிருக்கிறேன். கங்காணியின் மனைவி நின்றிருக்கிறாள். கிராணி வீட்டு வேலைக்காரி நின்றபோது செல்வநாயகம் ஆபீசில் போய் முறையிட்டார். துரை சிரித்துவிட்டு, தன்னுடைய குளியல் தொட்டிக்கும் அதே தண்ணீர்தான் வருகிறது என்று சொன்னாராம். வெள்ளைக்காரர் எங்கள் தோட்டத்தில் பேசிய ஒரே நியாயம் அது. அதுவும் தொட்டிக்காக.

இவள் யார் எங்களுக்குச் சட்டம் போட என்று யாரும் கேட்கவில்லையா? கேட்கலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் அவளுடைய மகளை நினைத்ததும் வாய் அடைத்துப்போகும்.

ஜப்பான்காரன் காலத்தில் மேட்டுப்பக்கம் இன்னொரு லயம் இருந்தது. அங்கே பேதி கண்டது. அந்தத் துணிகளை அவர்கள் திருப்பத்துக்கு மேலே அலசினார்கள். கீழே நாங்கள் குடித்தோம். மருந்தும் இல்லை, அரிசியும் இல்லை. நீலாவதிக்கு ஒரே பெண். அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்து கொடுக்கும் பக்கத்துத் தோட்டத்து டிரெஸரைத் தேடி ஓடியவன் கணேசமூர்த்தி. எங்கள் லயத்து இளைஞன், உறவு என்று எதுவும் இல்லை. பாதி வழியிலேயே பிள்ளை போய்விட்டது. திரும்பி வந்தவன் வாசலில் நின்றான். நீலாவதியே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. ஆற்றங்கரையில் நின்று கத்துவதைத்தான் பார்த்தோம். அந்தக் கத்தலுக்கு அடியில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் திட்டிக்கொண்டே கட்டுப்பட்டோம்.

ஜப்பான்காரன் போனான், துரை வந்தார், எங்களை விட்டுவிட்டு ஓடியதற்காகக் கொஞ்சமும் கூச்சப்படாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது தொழிலாளர் சங்கம் வந்தது. எங்கள் தோட்டத்துச் சங்கத்துக்குச் செயலாளர் கணேசமூர்த்தி. நன்றாகப் பேசுவான். அவன் பேசினால் கூலி ஏற்கெனவே உயர்ந்துவிட்டது போலிருக்கும். ஒரு வேலைநிறுத்தத்தில் அவன் கூலி உயர்வு கேட்டான். கூடவே, நீலாவதி சொன்னாள் என்பதற்காக, ஸ்டோர்க் கழிவை ஆற்றில் விடக் கூடாது என்றும் கேட்டான். துரை நெடுநேரம் யோசித்து, இரண்டாவது கோரிக்கைக்குப் பெருந்தன்மையோடு இணங்கினார். கழிவுக்குக் காவாய் வெட்டிக்கொள்ள அனுமதி தந்தார். ஞாயிற்றுக்கிழமையில் நாங்களே வெட்டிக்கொண்டோம். சங்கத்தின் மாபெரும் வெற்றி அது.

நாற்பத்தெட்டில் அவசரகாலம் வந்தது. சங்கத்தைத் தடை செய்தார்கள். கணேசமூர்த்தியைப் பிடிக்க மாத்தா, அதாவது போலீஸ், வந்த அன்று அவன் வீட்டில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. காட்டுக்குப் போய், துப்பாக்கி தூக்கிய கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துவிட்டான் என்றார்கள்.

பிறகு எங்களைக் காப்பாற்றும் வேலை மும்முரமாக ஆரம்பித்தது. காட்டுக்காரர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக லயத்தைப் பிடுங்கி ஆபீசுக்குப் பக்கத்தில் நட்டு, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காலையில் கதவைத் திறப்பார்கள், மாலையில் பூட்டுவார்கள். வெளியே போகும்போது மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் குற்றம். மரம் சீவப் போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்பினார்கள். காட்டுக்காரன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது திட்டம். நடுப்பகலில் நாங்களும் கூடவே கிடந்தோம்.

ஆறு கம்பிக்கு வெளியே போய்விட்டது. கதவு திறந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் ஆற்றை யார் பார்ப்பது? நீலாவதி தன்னிடம் இருந்த சிவப்புப் புடவையைக் கிழித்தாள். கல்யாணத்துக்குக் கட்டியது. திருப்பத்திலிருந்து ஆரம்பித்து, காட்டைச் சுற்றி வரிசையாக மரங்களில் துண்டு துண்டாகக் கட்டினாள். துணிக்கு மேலே கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் அர்த்தம். தோட்டத்தில் இருந்த தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாருக்கும் புரிந்தது. மாட்டுக்குக்கூடப் புரிந்ததாகச் சன்னாசி சத்தியம் செய்வார்.

இந்த நேரத்தில்தான் துரைக்குக் காட்டின் மேல் கண் போனது. போனது என்ன, வெகுநாளாகவே அங்கேதான் இருந்தது. அந்த மேட்டை வெட்டிச் சாய்த்துப் பால்மரம் நட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பலகை குறுக்கே நின்றது. இப்போது அவசரகாலம் கைகொடுத்தது. காட்டில் பயங்கரவாதிகள் ஒளிகிறார்கள், காட்டை அழித்தால் ஒளிய இடமிருக்காது என்று சிரம்பானுக்குச் சொல்லி அனுப்பினார். மரத்தைத் தொடாதே என்று பலகை வைத்த அதே சர்க்கார், பட்டாளம் சரி என்றால் எங்களுக்கும் சரி என்றது.

நீலாவதி ஆபீசுக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் ஸ்டோரில் ரப்பர்த் தகடு அலசுகிறவன், பக்கத்து வீட்டுக்காரன், மறுத்துப் பேசத் தெரியாதவன். துரை மேசைக்குப் பின்னால், செல்வநாயகம் பக்கத்தில், நாங்கள் வாசற்படியில்.

"காட்ட வெட்டினா ஊத்து செத்துப்போவும். மழை பேஞ்சா மேட்டு மண்ணு அம்புட்டும் ஆத்துல எறங்கும். அந்தத் தண்ணியத்தான் புள்ளைங்க குடிக்கணும். எம்புள்ள போனது போதும். துரைகிட்ட சொல்லுங்கய்யா."

செல்வநாயகம் நாலு வார்த்தையில் சொல்லி முடித்தார். துரை பதிலுக்கு வெகுநேரம் பேசினார். ஒருமுறை மேசையைத் தட்டினார்.

"துரை யோசிப்பாராம்" என்றார் செல்வநாயகம்.

"அம்புட்டு நேரம் பேசுனாரே?"

"அதெல்லாம் உமக்கு என்னத்துக்கு? யோசிக்கிறதைத்தான் விரிவாகச் சொன்னவர். போம், போம்."

ஆக, காடு நிற்பதும் விழுவதும் பட்டாளத்தின் கையில் இருந்தது. பட்டாளம் என்றால் ஒரு கேப்டன். கன்னம் சிவந்த இளைஞர், கொசுக்கடியில் பாதி முகம் வீங்கியவர். அவர் முடிவு சொல்லும்வரை கோடாலியைத் தொடக் கூடாது. நீலாவதிக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை என்று சன்னாசி சொன்னார்.

அப்போது நடந்த ஒன்றை அவள் எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்துத்தான். மேட்டு நம்பரில் பால்மரங்களுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்தவள், துணிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நடை போயிருக்கிறாள். திருப்பத்துக்கு மேலே, துணியைத் தாண்டி, மூன்று பேர். இரண்டு சீனப் பையன்கள், துப்பாக்கியோடு. மூன்றாவது ஆள் காலில் புண், அதை ஊற்றுத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருக்கிறான். கணேசமூர்த்தி.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"டேய் கணேசா! எந்த எடத்துலடா கால வச்சிருக்க?"

சீனப் பையன்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கணேசமூர்த்தி அவர்களைத் தடுத்துவிட்டு, "அக்கா, மெதுவா பேசுக்கா" என்றிருக்கிறான்.

"என்னா மெதுவா? கீழ சின்னப் புள்ளைங்க குடிக்குது. உனக்குத் தெரியாதா? நீ தூக்கிட்டு ஓடினவன்தானே? ஒலகத்தையே மாத்தப் போறீங்க, செரி, மாத்துங்க. கால மட்டும் கீழ போய்க் கழுவுங்க. குடிக்கத் தண்ணி வேணும்னா திருப்பத்துல மொண்டுக்க. துணிக்கு மேல வராத."

அவன் அதைச் சீனத்தில் சொன்னான். அந்தப் பையன்கள் இவளைப் பார்த்தார்கள், துணியைப் பார்த்தார்கள், துப்பாக்கியை இறக்கினார்கள். உலகம் முழுக்க இருக்கும் முதலாளிகளை எதிர்க்கக் கிளம்பியவர்கள், நீலாவதியிடம் மரியாதையாகக் கீழே இறங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து, துணிகளைச் சுற்றிக்கொண்டு, ஆற்றின் கீழ்க்கரைக்குப் போய், அங்கிருந்து கரையோரமாகத் திருப்பத்துக்கு ஏறித் தண்ணீர் மொண்டார்கள். கட்சிக் கட்டளையைக்கூட அவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றினார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த ஒழுங்குதான் வினையாக முடிந்தது. ரோந்து போன சிப்பாய்கள் காட்டில் ஒரு புது ஒற்றையடிப் பாதையைக் கண்டார்கள். அது நேராக வந்து, ஒவ்வொரு சிவப்புத் துணியிடமும் விலகி, வளைந்து, சுற்றிப் போனது. கேப்டன் சந்தோஷத்தில் குதித்திருப்பார். சிவப்புத் துணி, அதைப் பார்த்து நடக்கும் பயங்கரவாதிகள்! சமிக்ஞை, வேறென்ன? குடிக்கிற தண்ணீரில் கால் படக் கூடாது என்பதற்காக ஒருவன் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு காட்டைச் சுற்றுவான் என்று எந்தப் பட்டாளப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது.

துணி கட்டியது யார் என்று கேட்டார்கள். நீலாவதி முன்னால் வந்து நின்றாள். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மொழிபெயர்க்கச் செல்வநாயகத்தையும் கொண்டுபோனதால், அங்கே நடந்தது எங்களுக்குத் தெரியவந்தது. தான் எவ்வளவு ஆபத்தில் இருந்தார் என்பதை அவர் எல்லாரிடமும் சொன்னார்.

சிவப்பு கம்யூனிஸ்டுகளின் நிறம் என்றாராம் கேப்டன். கல்யாணத்தின் நிறம் என்றாளாம் நீலாவதி. துணி எதற்கு? ஆத்துல அசிங்கம் பண்ணாம இருக்க. யார் சொல்லிக் கட்டினாய்? நாந்தான். அவர்கள் ஏன் உன் துணியைச் சுற்றிப் போகிறார்கள்? "நல்லவனுங்க போலிருக்கு" என்றாளாம். இதைச் செல்வநாயகம் மொழிபெயர்க்கவில்லை. "தெரியாது என்கிறாள்" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரை நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். அந்த ஒரு பொய்க்காக அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

உண்மையைச் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவோம் என்று மிரட்டினார்கள். கைக்குழந்தையாக வந்தவள் அவள். "எந்த ஊருக்கு அனுப்புவீங்க? போயி எந்த வீட்டுக் கதவத் தட்டுறது? அதையும் நீங்களே சொல்லிடுங்க" என்று கேட்டிருக்கிறாள். கணேசமூர்த்தியின் பெயர் மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

சில நாளில் அதே ஜீப்பில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பிரட்டுக்களத்தில் எங்களையெல்லாம் நிற்கவைத்துக் கேப்டன் பேசினார். செல்வநாயகம் தமிழில் சொன்னார். காடு வெட்டப்பட மாட்டாது. ஆற்றைச் சுத்தமாக வைத்திருக்கும் உங்கள் வழக்கத்தைப் பட்டாளம் மதிக்கிறது. துணிகள் இருந்தபடி இருக்கட்டும். ஆனால் யாரும் மேட்டுப்பக்கம் போகக் கூடாது.

துரையின் முகம் சுருங்கிப்போனது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரப் பட்டாளம் எங்கள் வழக்கத்தை மதிக்கிறதாம்! கோயிலில் தேங்காய் உடைத்தோம். நீலாவதி அன்று சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். மகள் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

மறுநாள் காலையில் தண்ணீருக்குப் போன நீலாவதி குடத்தை நிரப்பாமல் நின்றாள். திருப்பத்து மரத்தில் அவளுடைய பழைய துணி மழையில் நைந்து விழுந்திருந்தது. அந்த இடத்தில் புதுத் துணி கட்டியிருந்தது. பளபளவென்று நல்ல சிவப்பு. அடுத்த மரத்திலும் புதுசு. அது புடவைத் துணியே இல்லை.

குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராகப் புருஷனிடம் வந்தாள். அதைச் சன்னாசிதான் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

"துணி கட்டினதுக்கு என்னையப் புடிச்சவன், இப்ப அவனே கட்டி வச்சிருக்கான்யா. எதுக்கு?"

"மதிக்கிறான்னு சொன்னாங்களே."

"மண்ணாங்கட்டி. தண்ணி மொள்ள திருப்பத்துக்குத்தான் வருவானுங்கன்னு கண்டுபுடிச்சிட்டான். காட்டுல ஆள ஒளிச்சு வச்சிருக்கான். கணேசன் குடத்தோட குனிவான், சுட்டுருவானுங்க. நாந்தான்யா அவனுக்கு அந்த எடத்தக் காட்டி விட்டேன்."

அவள் மாடுகளைக் கேட்டாள். அவிழ்த்து ஊற்றுக்கு ஓட்ட வேண்டும் என்றாள். சன்னாசி தன் காதை நம்பவில்லை. திரும்பக் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னாள்.

"அடியே, ஆள் வரலன்னா பட்டாளம் போயிரும். பட்டாளம் போனா துரை காட்ட வெட்டிருவாரு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்பறம்?"

"மரம் நிக்கணும்னு மனுசன சாவ விடச் சொல்றியா? மாட்ட அவுரு."

அன்று மத்தியானம் ஸ்டோருக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். "மாணிக்கம், இன்னைக்கு வேணுங்கற தண்ணிய இப்பவே புடிச்சு வச்சுக்க. லயத்துலயும் சொல்லிரு."

"ஏன்க்கா?"

"சொன்னதச் செய்லா."

செய்தேன். காரணம் கேட்டு ஜெயித்த ஆள் லயத்தில் யாரும் இல்லை.

சாயங்காலத்துக்கு முன்னால் லயத்து மாடுகள் அத்தனையும் மேட்டில் ஏறின. சன்னாசி முன்னால், நீலாவதி பின்னால் கம்போடு. இத்தனை வருஷம் எட்டவிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த தண்ணீர். துணியைத் தாண்டியதும் மாடுகள் ஓட்டமாக ஓடி ஊற்றில் விழுந்தன. குடித்தன, கலக்கின, சேற்றில் புரண்டன, குடித்ததை அங்கேயே திருப்பிக் கொடுத்தன. புதருக்குள் இலை செருகிக்கொண்டு படுத்திருந்த சிப்பாய்கள் சுடவும் முடியாமல், எழவும் முடியாமல் கிடந்தார்கள். ஒரு கிடாரி ஒரு சிப்பாயின் தொப்பியிலிருந்த இலையைத் தின்றதாகச் சன்னாசி சொல்வார். அதை நான் முழுசாக நம்பவில்லை.

கடைசியில் கேப்டனே எழுந்து வந்தார். சன்னாசி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு, "மாடு ஓடிருச்சு தொவான், மாடு லாரி தொவான்" என்று தனக்குத் தெரிந்த மலாயில் அழுதார்; அந்த மொழியில் லாரி என்றால் ஓட்டம், தொவான் என்றால் துரை. நீலாவதி தன் புருஷன் எவ்வளவு பெரிய மடையன் என்று அவருக்கு விளக்கினாள். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. கேப்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு இருவரையும் விரட்டினார். முட்டாள் மாட்டுக்காரன், முட்டாள் மாடுகள் என்பதோடு விஷயம் முடிந்தது. அத்தனை நாள் அவர் தேடிய சமிக்ஞை அவருடைய காலடியில்தான், முதல் தடவையாக, பழுப்பு நிறத்தில் கீழே போய்க்கொண்டிருந்தது.

கீழ்க்கரைக்கு வந்த கணேசமூர்த்தி ஆற்றைப் பார்த்தான். சாணி மிதந்து வந்தது. நீலாவதி உயிரோடு இருக்கையில் அந்த ஆற்றில் மேலிருந்து சாணி வராது. வந்தது என்றால் மேலே ஏதோ பெரிதாகத் தப்பு. அவன் வந்த வழியே ஓடினான்.

லயத்தில் பெண்கள் கொதித்துவிட்டார்கள். ஜீப்பில் போய் வந்த திமிர் என்றாள் ஒருத்தி. ஊருக்கெல்லாம் சட்டம், அவள் வீட்டு மாட்டுக்கு இல்லையா என்றாள் கங்காணியின் மனைவி. பழைய கணக்கு அவளுக்கு. மறுநாள் காலையில் நீலாவதி, யாரும் சொல்லாமலே, குடத்தோடு கரையில் போய்க் கடைசியாக நின்றாள். வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் கேட்டார்கள். வாயைத் திறந்தால் கணேசமூர்த்தி மாட்டிக்கொள்வான். ஆகவே நின்றாள். ஒரு வாரம் முழுக்க நின்றாள்.

பட்டாளம் காத்திருந்து பார்த்தது. யாரும் வரவில்லை. கேப்டன் வேறு மலைக்குப் போனார். போகும்போது, காட்டை வெட்டுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வழக்கத்தை மதித்தது அத்தோடு முடிந்தது. பலகையைக்கூட யாரோ பிடுங்கி, கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிந்து காடு வெட்ட ஆள் எடுத்தார்கள். நாள் கூலி அதிகம் என்றதும் எங்கள் லயத்து ஆட்களே முண்டியடித்தார்கள். அந்தக் கும்பலை மேய்க்க ஒரு மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், வரப்போகிறார் என்றார்கள். புது ஆள், அரசாங்கமே சிபாரிசு செய்த ஆள்.

வந்தவன் கணேசமூர்த்தி.

விமானத்திலிருந்து போட்ட சரணடைவுத் துண்டுக்காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டிலிருந்து இறங்கிவிட்டானாம். பசி, புண், காய்ச்சல். அதைக் குற்றம் சொல்ல நான் யார்? ஆனால் இறங்கியவன் சும்மா இருக்க முடியுமா? நன்றாகப் பேசுகிறவனாயிற்றே. ஒலிபெருக்கி வைத்த வேனில் தோட்டம் தோட்டமாகப் போய், காட்டில் இருப்பவர்களை வெளியே வரச் சொல்லிப் பேசினான். திருந்தியவனுக்கு நல்வாழ்வு உண்டு என்று காட்ட அரசாங்கத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. காட்டை நன்றாகத் தெரிந்த ஆள் துரைக்கு வேண்டியிருந்தது. காக்கிக் கால்சட்டை, தொப்பி, கையில் பிரம்பு. பழைய சங்கச் செயலாளருக்கு எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தன.

முதல் நாள் கோடாலிச் சத்தம் கேட்டதும் நீலாவதி மேட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவன் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, அன்னைக்கு சாணித் தண்ணியப் பாத்துட்டுத்தான் ஓடினேன். நீதான்னு தெரியும். ஒன்னாலதான் உசுரோட இருக்கேன்."

"பாத்தாலே தெரியுது."

"நான் வெட்டலன்னா வேற எவனாவது வெட்டத்தான் போறான்க்கா. எனக்கும் வேற பொழப்பு இல்ல. நீ என்னையத் தப்பா நெனைக்காத."

நீலாவதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தப் போகிறாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். கத்தவில்லை.

"நீ சாவக் கூடாதுன்னுதான் மாட்ட எறக்குனேன். நல்லவனா இருக்கணும்னு எறக்கல. அத விடு. மரம் சாயறப்ப ஆத்துப் பக்கம் சாய விடாத. மேட்டுப் பக்கமா சாச்சு வெட்டச் சொல்லு."

அவன் ஆட்களிடம் அப்படியே சொன்னான். முதல் மரம் மேட்டுப் பக்கமாகத்தான் சாய்ந்தது. ஆனாலும் பெரிய மரம், கிளைகள் ஊற்று வரைக்கும் வந்து விழுந்தன. நீலாவதி புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, யாரையும் கால் வைக்க விடாத அந்தத் தண்ணீரில் இறங்கி, இலையையும் சுள்ளியையும் அள்ளி அள்ளிக் கரையில் போட ஆரம்பித்தாள். அடுத்த மரம் விழுந்தது. அதையும் அள்ளினாள். நான் இறங்கி அவளோடு சேர்ந்துகொண்டேன். கணேசமூர்த்தி மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், இறங்கி வரவில்லை.